இடப்பக்கம் யாருமில்லை

என் மனைவி ஒரு லாரி டிரைவரின் மகள். சின்ன வயதில் பள்ளி விடுமுறை விட்டால் போதும், அப்பாவோடு லாரியில் ஏறிவிடுவாளாம். கேபினில் இடப்பக்கம் கிளீனரோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர் செய்வதையெல்லாம் தானும் செய்வாளாம். லாரியில் டிரைவர் இருக்கும் உயரத்திலிருந்து இடப்பக்கம் பாதி தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்வது கிளீனரின் வேலை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவுத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் போகலாம்.

நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியபோது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முதல் நாளே அவள் கிளீனராகிவிட்டாள்.

"லெஃப்ட்ல சைக்கிள் வருதுங்க."

"ஆட்டோக்காரன் பூந்துடுவான், நில்லுங்க."

"லெஃப்ட்டு ஃப்ரீ, போலாம் போலாம்."

இதற்கு நடுவே கதவில் தட்டு வேறு. வீடு விழுப்புரத்தில். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தண்ணீர் மோட்டார், பைப், ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை. அவளுக்கு அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. தினமும் காலையில் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்புவோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஊர் ஊராக அவளுடைய நேர்முக வர்ணனையைக் கேட்டுக்கொண்டே நான் ஓட்டியாக வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த சமயத்தில், "இனிமே கதவைத் தட்டுன, உன்ன பஸ்ல ஏத்தி வுட்டுடுவேன்" என்று ஒருநாள் கத்தினேன். தட்டுவது நின்றது. வாய் நிற்கவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுடைய தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தோம். கஷாயம் வைத்துக் குடித்தாள், மிளகுப்பால் குடித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, வகுப்பில் கத்திக் கத்திக் குரல் நரம்பில் வீக்கம் வந்திருக்கிறது, சில வாரங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். கத்தினால் வீக்கத்தில் ரத்தம் கட்டிவிடும், அப்புறம் பழைய குரல் திரும்பாது என்று எச்சரித்தார். பள்ளியில் நல்ல மாதிரி. உட்கார்ந்து பேப்பர் திருத்தும் வேலையைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காரில் ஏறியதும் செல்போனில் எதையோ தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். 'இனிமே நிம்மதியா ஓட்டுங்க' என்று எழுதியிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள். அன்று விக்கிரவாண்டி தாண்டும்வரை பழைய பாட்டுகளை வாயில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்த நிம்மதி அதிக நாள் நிலைக்கவில்லை.

முதலில் ஒரு நாய். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த கணம் பம்பருக்கு முன்னால் நாய் நின்றது. வந்து நின்றதாகச் சொல்ல முடியாது, வந்ததை நான் பார்க்கவேயில்லை. இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது, அவ்வளவுதான். நாய்தானே, குறுக்கே பாயும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சைக்கிள்காரர் அப்படியே முளைத்தார். அவர் தலையில் முண்டாசு கட்டியிருந்தார். பின்னால் புல்லுக்கட்டு. இத்தனை பெரிய உருவம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவரைத் திட்டினேன். அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று என் மனைவி டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். வண்டிக்குள்ளே திடீரென்று டமாரென்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டியரிங் கையை விட்டு ஆடிவிட்டது.

"அறிவு இருக்குதா உனக்கு? இப்படித் தட்டுனா நானே பயந்து பள்ளத்துல எறக்கிடுவேன்!"

அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை பிரிக்கவில்லை. கடை வாசலில் இறங்கும்போது போனை நீட்டினாள். 'என்னைப் பேச வைக்கணும்னுதானே வீம்புக்கு இப்படி ஓட்டுறீங்க?'

நான் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் இவளுக்கு இப்படித் தோன்ற வேண்டும்?

பக்கத்துக் கடைக்காரர் ஒரு பாய். கோட்டக்குப்பத்துக்காரர். வெகுகாலம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தினமும் கடை திறக்கும்போது எனக்கு ஒரு சலாம் வைப்பார். ஒருநாள் நேராக என் முன்னால் வந்து நின்று கேட்டார்.

"சார், நம்ம மேல எதுனா கோவமா?"

"இல்லியே பாய், ஏன்?"

"ஒரு வாரமா சலாம் வச்சிக்கினே கீறேன். மொகத்தைக்கூடத் திருப்ப மாட்டேன்றீங்க. பெரிய மனுசன் ஆயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

அவர் கடை என் கடைக்கு இடப்பக்கம். கேட்கவில்லை, கவனிக்கவில்லை என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். பேச்சோடு டீ வந்தது. குடித்துவிட்டு கிளாஸை வைக்கப் போனேன். என் இடது கை இன்னொரு கிளாஸைத் தள்ளிவிட்டது. அது பாய் தனக்கென்று வாங்கி என் மேஜைமேல் வைத்திருந்த டீ. சூடான டீ அவர் வேட்டியில் கொட்டியது.

"கவனம் எங்கியோ கீது சார் உங்களுக்கு" என்றார், வேட்டியை உதறிக்கொண்டே. "வூட்ல பேஜாரா? தொண்டை சரியாயிடும், வுடுங்க."

கவனம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மனைவியும் போனில் அதைத்தான் எழுதிக் காட்டினாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மனுஷன் எதையோ நினைத்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பது தெரியாது, இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சரி, கவனமாக இருப்போம் என்று முடிவு செய்தேன். ரேடியோவை நிறுத்தினேன். போனைப் பின்சீட்டில் போட்டேன். கடைக்கு வர வேண்டிய சரக்கைப் பற்றிச் சாலையில் நினைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். கண்ணாடிக்கடைக்குப் போய்க் கண் பரிசோதனையும் செய்துகொண்டேன். கடைசி வரி எழுத்துவரை தடுமாறாமல் படித்தேன். கண் கண்ணாடி மாதிரி இருக்கிறது சார் என்றார்கள்.

இதில் பயங்கரம் என்னவென்றால், கவனிக்கக் கவனிக்க இடப்பக்கம் எனக்கு இன்னும் சுத்தமாகத் தெரிந்தது. தார், ஓர வெள்ளைக்கோடு, அதற்கப்பால் புல், அதற்கும் அப்பால், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை விதைத்த கொல்லை. எல்லாம் துல்லியமாக இருந்தன. மங்கல் இல்லை, கருப்பு இல்லை, ஓட்டை இல்லை. ஒரு சின்னத் தயக்கத்துக்குக்கூட அங்கே இடமில்லை. இடப்பக்கம் காலி என்று மனம் சொல்லும், நானும் நம்பி ஓட்டுவேன்.

ஆனாலும் ஆட்கள் முளைப்பது நிற்கவில்லை. ஒரு காலையில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, ஒரு மாலையில் தயிர்க்காரம்மா. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் என் மனைவி மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போக ஆரம்பித்தது. அவளுக்கு நாளுக்கு நாள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

எனக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார். கடைசிக் காலத்தில் இல்லாத ஆட்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க என்று சொல்லும்போது வீட்டில் எல்லோருக்கும் குலை நடுங்கும். எனக்கோ இருக்கிற ஆட்கள் இல்லாமல் போனார்கள். புத்தி பேதலிப்பது இப்படியும் ஒரு வழியில் வருமோ என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். கார் இல்லாமல், கடை இல்லாமல், வீட்டில் உட்கார்ந்து இல்லாத ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற என்னை நானே கற்பனை செய்து பார்த்தேன். சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்குள் பீற்றிக்கொள்கிற நான், ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். ஊறுகாய்க்காவது ஆகியிருக்கும் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள் மனைவி. அவள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க ஒதுங்குவது எங்களுக்கு வழக்கம். நெடுஞ்சாலையிலிருந்து இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். அன்றும் காலை நேரம்தான். நல்ல வெயில். வேகத்தைக் குறைத்தேன், இண்டிகேட்டர் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். இன்னும் யாராவது கேட்டாலும் இதையே சொல்வேன். பார்த்தேன். சர்வீஸ் ரோடு காலியாக இருந்தது. தார் வெயிலில் மின்னியது. ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

"லெஃப்ட்டூ!"

அது என் மனைவியின் குரல் என்று எனக்குப் புரியவே சற்று நேரமானது. துணி கிழிவதுபோல இருந்தது அந்தக் குரல். பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. காலித் தாரிலிருந்து ஒரு மொபெட் வந்து என் பானெட்டில் உரசிக்கொண்டு விழுந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த மூட்டை வெடித்து, சாலை முழுக்க மல்லாட்டை சிதறியது. ஒரு பெரியவர் உருண்டு போய்ச் சாலையோர மண்ணில் கிடந்தார். மொபெட்டின் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

நான் இறங்கவில்லை. என் மனைவிதான் ஓடினாள். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். உட்கார்ந்த வாக்கிலேயே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அவ்ளோ நேரமா ஆரன் அட்ச்சிக்கினே வர்றேன்!"

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் என் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்தார்.

"ரோடு காலியா இருந்துச்சுங்க" என்றேன். "சத்தியமா சொல்றேன். பாத்துட்டுத்தான் திருப்புனேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏத்துனியா?"

அவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பொய் சொல்கிறான் என்று நினைத்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. என் மனதில் அந்தக் காலி ரோடு அப்படியே இருந்தது. வேண்டுமானால் வரைந்து காட்டியிருப்பேன். ஒரு மனிதரும் ஒரு மொபெட்டும் ஒரு மூட்டையும் இருந்த இடத்தில் நான் வெயிலையும் தாரையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் நான் பார்க்கிற மற்றவை? இந்தக் கூட்டம், இந்த டீக்கடை, என் சட்டையைப் பிடித்திருக்கிற கை? அந்த எண்ணம் வந்த நிமிஷத்தில் எனக்கு உண்டான பயம், ஆள் செத்திருந்தால்கூட உண்டாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

பெரியவருக்கு மருந்து போட்டு, மூட்டைக்கு வேண்டியதைச் செய்து, கையெடுத்துக் கும்பிட்டு, எப்படியோ அனுப்பி வைத்தோம். என் மனைவி சாவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிர்ச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் கையால் காட்டினாள். கண்ணைத் திருப்பாதே, அதையே பார் என்று சைகை. பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போனில் எழுதி முன்னால் நீட்டினாள். 'என் கை எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க.'

வலப்பக்கம், காது நேருக்கு வந்ததுமே அவள் கை தெரிந்தது. "தெரியுது" என்றேன்.

பிறகு இடப்பக்கம். காத்திருந்தேன். காலண்டரில் தேதியும் ராகுகாலமும் தெரிந்தன. அதன் இடப்பக்கம் சுவர். பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர். வேறொன்றும் இல்லை.

"ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

வளையல் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்தது. காதைத் தாண்டியது. கன்னத்துக்கு நேராகக் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையல் சத்தம் சுவரிலிருந்து வந்தது. மூக்குக்கு முன்னால் திடீரென்று விரல்கள் முளைத்தன. நான் கத்திவிட்டேன்.

அவள் மறுபடி செய்தாள். இன்னொரு முறை செய்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை. வீம்பு இல்லை, கவனக்குறைவும் இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் ஒருநாள் ஆனது.

மறுநாள் ஒரு கண் மருத்துவமனையில் என்னை இருட்டு அறைக்குள் அழைத்துப் போனார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம்போல ஒரு மிஷின். அதற்குள் முகத்தைக் கொடுத்து, தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். வலது கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். "நடுவுல இருக்கிற லைட்டையே பாருங்க சார். சுத்தி எங்கயாவது சின்னதா வெளிச்சம் வந்தா அமுக்குங்க."

நடு வெளிச்சத்தைப் பார்த்தேன். அதை ஒட்டி ஒரு பொட்டு மினுங்கியது, அமுக்கினேன். இன்னொன்று. அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். கழுத்து வலித்தது.

"மிஷின் நின்னுபோச்சும்மா" என்றேன்.

"இல்ல சார், ஓடிக்கினுதான் இருக்குது. நீங்க நேரா பாருங்க."

அப்போதுதான் காதைத் தீட்டினேன். உள்ளே எங்கேயோ விர்ரென்று மிக மெல்லிய சத்தம் எழுந்து டிக்கென்று நின்றது. மறுபடி விர், டிக். நான் மோட்டார் வியாபாரி. ஓடுகிற மிஷினுக்கும் நின்றுபோன மிஷினுக்கும் வித்தியாசம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அது ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடமாக நகர்ந்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. விர், டிக். விர், டிக். என் முன்னால் வெள்ளைக் கிண்ணம் பளிச்சென்று காலியாக இருந்தது. ஒன்றும் தெரியாவிட்டாலும் சும்மா அமுக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு பயந்திருந்தேன்.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர். வலி இல்லாமல், சிவப்பு இல்லாமல், பல வருஷங்களாக ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. இடது கண் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு அதுதான் இடப்பக்கம். எழுத்துப் படிப்பது நடுப்பார்வை என்பதால் கண்ணாடிக்கடையில் அது பிடிபடவில்லை. போனது திரும்பாது. மீதியைக் காப்பாற்ற ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது.

"இருட்டா தெரியலியே டாக்டர். எல்லாம் நல்லாத்தானே தெரியுது?"

"இருட்டைப் பாக்குறதுக்கும் கண்ணு வேணும் சார். அங்க ஒண்ணுமே வரலன்னா, பக்கத்துல இருக்கிறதை இழுத்து மூளை நிரப்பிக்கும். பக்கத்துல ரோடு இருந்தா ரோடு. சுவர் இருந்தா சுவர். நிரப்புறது உங்களுக்குத் தெரியாது."

கிழிந்த வேட்டியில் அதே நூலால் இழையோட்டித் தைத்தது போல என்று நினைத்துக்கொண்டேன். தைத்தது தெரியாது. ஆனால் என் வேட்டியில் தையலுக்கு அடியில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நாய், முண்டாசுக்காரர், பள்ளிக்கூடத்துப் பெண், சலாம் வைத்த பாய். இத்தனை வருஷமாக இவர்களைப் போன்றவர்கள்மேல் ஏற்றாமல் நான் ஓட்டியது என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். இடப்பக்கம் முழுவதையும் அவள் பார்த்திருக்கிறாள், நான் காதால் கேட்டு ஓட்டியிருக்கிறேன். கேட்டதைப் பார்த்ததாக நினைத்திருக்கிறேன். அவளுக்கும் அது தெரியாது, பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். டாக்டர் பேசப் பேச, பக்கத்தில் நின்றிருந்தவளின் கையை நான் தேடிப் பிடித்தேன். அவளும் என் இடப்பக்கம்தான் நின்றிருந்தாள்.

அவளுடைய குரல் திரும்பவில்லை. திரும்பியது, ஆனால் பழையது இல்லை. கூட்டேரிப்பட்டில் போட்ட அந்த ஒரு கத்தலில் வீக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது என்றார் தொண்டை டாக்டர். இப்போது கரகரவென்று தாழ்ந்த குரல். பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். பள்ளியில் கழுத்தில் ஒரு சின்ன மைக் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறாள். "பசங்க என்னை எஃப்எம் மிஸ்ஸுன்னு கூப்புடுதுங்க" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

காரை விற்றுவிட்டோம். பஸ்ஸில் போய் வருகிறோம். பயம் காரோடு போகவில்லை. காலியான இடம் என்று எதையும் இப்போது நம்ப முடிவதில்லை. கடையில் இடப்பக்கம் ஆள் இல்லை என்று தெரிந்தால் உடனே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். வீட்டுக் கூடத்தில் நின்று கையை நீட்டித் துழாவுகிறேன். பாய் இப்போதெல்லாம் என் வலப்பக்கம் வந்து நின்றுதான் சலாம் சொல்கிறார். தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வலது கண்ணில் மீதி இருப்பதை ஒரு கஞ்சனைப்போலச் சோதித்துக்கொண்டே இருக்கிறேன். அதுவும் போகும்போது எனக்குத் தெரியாமல்தானே போகும்?

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மாலை பஸ் ஏறினோம். வலப்பக்க சீட்டில் நான் ஜன்னலோரம், எனக்கு இடப்பக்கம் அவள். "பூ வாங்கிக்கினு வர்றேன், எடம் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் முன்படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் ஏறியது, இறங்கியது. அவள் வரவில்லை. என் பக்கத்தில் சீட்டு காலி. நீல ரெக்சின். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது. படிக்கட்டில் அவள் இல்லை.

"வண்டிய நிறுத்துங்க!" என்று எழுந்து கத்தினேன். "என் சம்சாரம் இன்னும் ஏறல! நிறுத்துங்க!"

டிரைவர் பிரேக் போட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டுப் பெண் ஒருத்தி என்னையும் என் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்டக்டரின் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போது என் இடப்பக்கக் காலி சீட்டிலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

பின்படிக்கட்டில் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறாள். 'வந்துட்டேன்' என்றும் சொல்லியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. மல்லிகைப்பூ அவள் மடியிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முன்சீட்டின் கம்பியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

அந்தத் தட்டுக்குப் பழக்கப்பட்ட டிரைவர்போல. வண்டியை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கூட்டேரிப்பட்டு போனது, விக்கிரவாண்டி போனது. முண்டியம்பாக்கம் தாண்டும்போது தட்டுவது நின்றது. பக்கத்தில் நீல ரெக்சின் தெரிந்தது. தூங்கிப்போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்கப் பயந்து, இடது கையை மெல்ல நகர்த்தித் தடவினேன். வளையல் தட்டுப்பட்டது.